நாக்குக் கட்டும் தாய்ப்பாலும்: கத்தரியை எடுப்பதற்கு முன்

பிறந்து சில நாட்களே ஆன குழந்தை மார்பில் வாய் வைக்கிறது, உடனே நழுவிவிடுகிறது. முக்கால் மணி நேரம் குடித்த பிறகும் பசி அடங்காமல் அழுகிறது. தாய்க்குக் காம்பு வெடித்துப் புண்ணாகியிருக்கிறது. நாக்கைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஒரு சவ்வு நுனிவரை இழுத்துப் பிடித்திருக்கிறது. நாக்கு ஒட்டியிருக்கிறது என்கிறார் வீட்டுப் பெரியவர். ஒரு மருத்துவர் இன்றே வெட்டிவிடலாம் என்கிறார். இன்னொருவர் இதெல்லாம் போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார். இரண்டு பேச்சுக்கும் நடுவே தாய் அடுத்த வேளைப் பாலுக்கு அஞ்சி உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த முரண்பாடு ஒரு வீட்டில் மட்டும் நிகழ்வதல்ல. கடந்த இருபது ஆண்டுகளில் குழந்தை மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர், பல் மருத்துவர், தாய்ப்பால் ஆலோசகர் ஆகியோரிடையே இந்த அளவுக்குக் கருத்து வேறுபாட்டை எழுப்பிய சிறிய அறுவைச் சிகிச்சைகள் குறைவு. நாக்குக் கட்டு எப்போது பால் குடிப்பதற்குத் தடையாகிறது, வெட்டுவதால் யாருக்கு என்ன நன்மை, வெட்டாமல் எவ்வளவு தூரம் போக முடியும் என்ற கேள்விகளுக்கு இதுவரை கிடைத்துள்ள விடைகளைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அந்த விடைகள் எல்லாம் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன: குழந்தையின் வாயைப் பார்ப்பதற்கு முன், அது பால் குடிப்பதைப் பார்க்க வேண்டும், தாயின் வலியைக் கேட்க வேண்டும்.

நாக்கின் அடியில் இருப்பது

நாக்கின் அடிப்புறத்தையும் வாயின் தரையையும் இணைக்கும் மெல்லிய மடிப்பு எல்லோருக்கும் உண்டு. அதை நாவடி மடிப்பு எனலாம். மடிப்பு இருப்பது குறையல்ல. அது குட்டையாகவோ தடித்தோ இறுகியோ இருந்து நாக்கின் அசைவைத் தடுத்தால் மட்டுமே அது நாக்குக் கட்டு. வெளிப்படையான கட்டை எளிதில் அடையாளம் காணலாம். குழந்தை அழும்போது நாக்கின் நுனி நடுவில் பள்ளம் விழுந்து இதய வடிவில் தெரியும். நாக்கு கீழ் ஈறைத் தாண்டி வெளியே வராது. வாய் அகலத் திறந்தாலும் நாக்கு மேலே எழும்பாமல் கீழேயே கிடக்கும்.

இந்த மடிப்பு நடுவில் ஓடும் ஒரு தனி நாண் என்றே நீண்ட காலம் பாடநூல்கள் எழுதிவந்தன. நியூசிலாந்தைச் சேர்ந்த காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர் நிக்கி மில்ஸும் அவர் குழுவினரும் 2019இல் வெளியிட்ட உடற்கூறு ஆய்வு அந்தக் கருத்தை மாற்றியது. வாயின் தரை முழுவதும் விரிந்திருக்கும் இணைப்புத் திசுப் படலமே, நாக்கு உயரும்போது நடுவில் மடிப்பாக எழுகிறது. புடவையை விரித்து நடுவில் கிள்ளித் தூக்கினால் ஒரு மடிப்பு எழுவதைப் போல. தனியாக ஒரு நாண் அங்கே இல்லை.

இந்தக் கண்டுபிடிப்புக்கு நடைமுறையில் இரண்டு விளைவுகள் உண்டு. மடிப்பின் தோற்றம் ஆளுக்கு ஆள் இயல்பாகவே வேறுபடும் என்பதால் தோற்றத்தை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்ட முடியாது. மேலும், நாக்குக்கு உணர்ச்சி தரும் நரம்பின் கிளைகள் இந்தப் படலத்துக்குச் சற்றுக் கீழேயே ஓடுகின்றன. மெல்லிய சவ்வை மேலோட்டமாக வெட்டுவதும் உள்ளே ஆழமாக வெட்டுவதும் ஒன்றல்ல.

பால் வாய்க்கு வரும் வழி

குழந்தை ஈறுகளால் அமுக்கிப் பிழிந்து பால் குடிக்கிறது என்பது பழைய எண்ணம். மேற்கு ஆஸ்திரேலியாவில் டோனா கெடஸும் அவரோடு பணியாற்றியவர்களும் பால் குடிக்கும் குழந்தையின் வாயை அல்ட்ராசவுண்டு கருவியால் படம்பிடித்து வேறொன்றைக் காட்டினார்கள். நாக்கு முழுவதும் மேலே எழுந்து காம்பை அண்ணத்தோடு பொருத்தி வைக்கிறது. பிறகு நாக்கு கீழே இறங்குகிறது. அப்போது வாய்க்குள் உண்டாகும் வெற்றிட இழுப்பில்தான் பால் பாய்கிறது.

நாக்கு சுதந்திரமாக எழுந்து இறங்குவதும், கீழ் ஈறை மூடிக்கொண்டு முன்னே நிற்பதும் இதனால்தான் முக்கியமாகின்றன. கட்டுண்ட நாக்கு முன்னே வராதபோது ஈறு நேரடியாகக் காம்பில் படுகிறது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தை வாய் நிறையப் பற்ற வேண்டிய குழந்தை காம்பின் நுனியை மட்டும் கவ்வுகிறது. பால் குடித்து முடித்ததும் காம்பு ஒருபக்கம் சரிவாகச் சப்பையாகியிருப்பதும், நுனி வெளுத்திருப்பதும், குடிக்கும்போது ‘டக் டக்’ என்று நாக்கு விடுபடும் ஒலி கேட்பதும் இதன் அடையாளங்கள். 2008இல் கெடஸ் குழு 24 தாய் சேய் இணைகளை ஆராய்ந்தபோது, நாக்குக் கட்டுள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினர் காம்பின் நுனியையும் மற்றொரு பகுதியினர் அதன் அடியையும் நசுக்குவதைப் படங்களில் கண்டது. கட்டை விடுவித்த பின் அந்த நசுக்கல் குறைந்தது. பால் வரத்து கூடியது. தாயின் வலியும் தணிந்தது.

விளைவு அன்றைய வேளையோடு நிற்பதில்லை. மார்பு எவ்வளவு காலியாகிறதோ அந்த அளவுக்கே புதிய பால் ஊறும். குழந்தை சரியாக இழுத்துக் குடிக்காவிட்டால் முதலில் பால் கட்டிக்கொள்ளும், பிறகு சுரப்பே குறைந்துவிடும். ‘பால் பத்தவில்லை’ என்ற பேச்சு வீட்டில் எழும். பால் மாவு டப்பா வரும். மார்பைத் தூண்டும் வேளைகள் இன்னும் குறையும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் தொடங்கும் இந்தச் சுழற்சியைப் பின்னால் திருப்புவது கடினம். காலம் தாழ்த்துவதில் உள்ள உண்மையான ஆபத்து இது.

கட்டு எத்தனை பேருக்கு, தொல்லை எத்தனை பேருக்கு

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான மதிப்பீடு, ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு நாக்குக் கட்டு இருப்பதாகச் சொல்கிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் இது கூடுதல். சில குடும்பங்களில் தலைமுறையாகத் தொடர்வதும் உண்டு. ஆனால் தனித்தனி ஆய்வுகளின் எண்கள் பெரிதும் வேறுபடுகின்றன. எதைக் கட்டு என்று கொள்வது என்பதில் அளவுகோல் ஒன்றாக இல்லாததே காரணம். மடிப்பு எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்து நான்கு வகையாகப் பிரிக்கும் முறை ஒன்று. நாக்கின் அசைவை மதிப்பெண்ணிட்டுப் பார்ப்பது இன்னொன்று. இங்கிலாந்தில் உருவான பிரிஸ்டல் மதிப்பீட்டு முறை நாக்கு நுனியின் தோற்றம், மடிப்பு ஒட்டியிருக்கும் இடம், அழும்போது நாக்கு எழும் உயரம், வெளியே நீளும் அளவு ஆகிய நான்கையும் பார்த்து 0 முதல் 8 வரை மதிப்பெண் தருகிறது.

இதில் மிகுந்த சர்ச்சைக்கு உள்ளானது ‘பின்புறக் கட்டு’ எனப்படுவது. கண்ணுக்குத் தெரியும் சவ்வு எதுவும் இருக்காது. விரலால் அழுத்திப் பார்த்தால் உள்ளே இறுக்கம் தட்டுப்படும் என்பார்கள். ஒருவர் விரலுக்கு இறுக்கமாகப் படுவது இன்னொருவர் விரலுக்கு இயல்பாகப் படும். மில்ஸின் உடற்கூறு ஆய்வுக்குப் பிறகு இந்த வகைப்பாட்டின் அடிப்படையே பலமிழந்துவிட்டது.

கட்டு இருப்பதும் தொல்லை இருப்பதும் வேறு என்பதை இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பகுதியில் நடந்து 2005இல் வெளியான ஆய்வு தெளிவாகக் காட்டியது. அங்கே 1,866 குழந்தைகளைப் பார்த்ததில் 201 பேருக்கு நாக்குக் கட்டு இருந்தது. பால் குடிப்பதில் சிரமப்பட்டவர்கள் அவர்களில் 88 பேர் மட்டுமே. பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் கட்டோடு நன்றாகவே குடித்தார்கள். தாயின் மார்பு மென்மையாக நீண்டு கொடுப்பதும், பால் தாராளமாகப் பாய்வதும், குழந்தையின் வாயமைப்பும் சேர்ந்து அந்தக் குறையை ஈடுசெய்துவிடுகின்றன. அப்படிப்பட்ட குழந்தைகளின் நாக்கில் கை வைக்க எந்தக் காரணமும் இல்லை.

வெட்டுகள் பெருகிய கதை

புட்டிப்பால் பரவிய இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேலை நாட்டு மருத்துவர்கள் நாக்குக் கட்டை ஏறத்தாழ மறந்தேபோனார்கள். புட்டியிலிருந்து குடிக்க நாக்கு அவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. தாய்ப்பாலின் மதிப்பு மீண்டும் உணரப்பட்டபோது இந்தச் சிக்கலும் மீண்டும் கண்ணில் பட்டது. அது நல்ல திருப்பம்தான். இங்கிலாந்தில் சிகிச்சைகளுக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2005இல் தாய்ப்பாலூட்டலுக்காக நாக்குக் கட்டை விடுவிப்பதில் பெரிய பாதுகாப்புக் கவலைகள் இல்லை என்றும், ஆதாரம் குறைவாக இருந்தாலும் பலன் இருக்கக்கூடும் என்றும் வழிகாட்டியது.

அதன்பின் வந்த வளர்ச்சி, தேவையை மிஞ்சிவிட்டது. அமெரிக்க மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் தரவுகளின்படி 1997இல் நாக்குக் கட்டு என்று பதிவானவர்கள் 3,934 பேர். 2012இல் 32,837 பேர். வெட்டப்பட்டவர்கள் 1,279இலிருந்து 12,406ஆகப் பெருகினர். ஆஸ்திரேலியாவில் அரசுக் காப்பீட்டின் கீழ் நடந்த நாவடி வெட்டு 2006க்கும் 2016க்கும் இடையே ஐந்து மடங்குக்கு மேல் ஆனது. குழந்தைகளின் நாக்கு பதினைந்து ஆண்டுகளில் மாறிவிடவில்லை. பார்க்கும் பார்வை மாறியது. தாய்ப்பால் கொடுக்கும் விருப்பம் கூடியதும், உடனிருந்து கற்றுத்தரும் பெண்கள் குறைந்ததும், பிரசவித்த ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்புவதும், லேசர் கருவி வைத்த பல் சிகிச்சை நிலையங்கள் பெருகியதும் இதில் சேர்ந்தன. உதவி தேடி அலையும் தாய்க்கு முதலில் கிடைக்கும் உதவி கத்தரியாக இருந்தால் அவள் அதைத்தான் ஏற்பாள். பழி அவளுடையதல்ல.

சோதனைகள் என்ன காட்டின

சவுத்தாம்டன் ஆய்விலேயே சிரமப்பட்ட 57 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்தார்கள். வெட்டப்பட்ட 28 பேரில் 27 பேருக்கு நிலைமை மேம்பட்டது. ஆலோசனை மட்டும் பெற்ற 29 பேரில் இரண்டு நாட்களுக்குள் மேம்பட்டவர் ஒருவர்தான். முடிவு பளிச்சென்று இருந்தாலும், எந்தக் குழந்தைக்கு வெட்டினார்கள் என்பது தாய்க்குத் தெரிந்திருந்தது. நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய முடியவில்லை. 2011இல் வெளியான அமெரிக்கச் சோதனை அந்த ஓட்டையை அடைக்க முயன்றது. 58 குழந்தைகளையும் தனியறைக்குக் கொண்டுபோய், ஒரு பாதிக்கு வெட்டி, மறு பாதிக்கு வெட்டாமலே திருப்பித் தந்தார்கள். வெட்டப்பட்ட குழுவில் தாயின் வலி உடனே குறைந்தது. பால் குடிக்கும் தரமும் கூடியது. 2014இல் வெளியான பிரிஸ்டல் சோதனையில் கட்டு மிதமாக இருந்த 107 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். ஐந்தாம் நாளில் பால் பற்றும் மதிப்பெண்ணில் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. பாலூட்ட முடியும் என்ற தாயின் நம்பிக்கை மட்டும் வெட்டப்பட்ட குழுவில் கூடியிருந்தது.

மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2017 திறனாய்வு ஐந்து சோதனைகளையும் அவற்றில் இருந்த 302 குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தது. தாயின் காம்பு வலி குறுகிய காலத்தில் குறைகிறது என்பது உறுதியானது. குழந்தை பால் குடிப்பதில் மேம்பாடு உண்டா என்பதில் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. கடுமையான பின்விளைவு எதுவும் பதிவாகவில்லை. ஆனால் சோதனைகள் சிறியவை. வெட்டாத குழுவினருக்கும் சில நாட்களிலேயே வெட்டிவிட்டதால், மாதக் கணக்கில் என்ன ஆகிறது என்று அறிய வழியில்லாமல் போனது.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் பிரிட்டனில் ‘ஃப்ராஸ்ட்டை’ என்ற பெரிய சோதனை திட்டமிடப்பட்டது. 870 குழந்தைகள் வேண்டும் என்று தொடங்கினார்கள். 169 பேரே சேர்ந்தார்கள். மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தவர்கள் வெட்டு ஒதுக்கப்பட்ட குழுவில் 88 விழுக்காடு, ஒதுக்கப்படாத குழுவில் 86 விழுக்காடு. இதை வைத்து வெட்டினாலும் ஒன்றுதான், வெட்டாவிட்டாலும் ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது. வெட்ட வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளில் 73 விழுக்காட்டினரும் பின்னர் வெட்டிக்கொண்டுவிட்டார்கள். 2023இல் வெளியான அறிக்கை கேள்விக்கு விடை கிடைக்கவில்லை என்றே ஒப்புக்கொண்டது.

ஆனால் அந்த 73 விழுக்காடு நமக்கு வேறொன்றைச் சொல்கிறது. புண்ணான காம்போடு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாலூட்டும் பெண்ணிடம், ஆய்வுக்காக மூன்று மாதம் பொறுத்திரு என்று யாரும் கேட்க முடியாது. எல்லாச் சோதனைகளையும் கூட்டிப் பார்த்தால் திரும்பத் திரும்ப உறுதியாகும் பயன் ஒன்றே. அது தாயின் வலி தணிவது. இதைச் சிறு பயன் என்று ஒதுக்குவது பெரிய தவறு. தாய்மார்கள் முதல் வாரங்களில் பாலூட்டலை நிறுத்துவதற்கான முக்கியக் காரணங்களில் வலியும் ஒன்று. தாயின் வலியைப் போக்குவது குழந்தைக்குப் பாலை மிச்சப்படுத்துவது.

உடன் உட்கார்ந்து பார்த்தபோது

மறுபக்கத்துச் சான்றுகளும் வலுவானவை. அமெரிக்காவின் பாஸ்டனில், நாக்குக் கட்டு வெட்டுவதற்காகவே அனுப்பப்பட்ட 115 குழந்தைகளை வெட்டுவதற்கு முன் பாலூட்டல் நிபுணர்களும் மருத்துவர்களும் சேர்ந்து மதிப்பிட்டார்கள். தாய் பாலூட்டுவதைப் பார்த்து, பிடியைத் திருத்தி, உதவி தந்த பிறகு அவர்களில் 72 பேருக்கு, அதாவது ஏறத்தாழ 63 விழுக்காட்டினருக்கு, அறுவை தேவைப்படவில்லை. இந்த முடிவு 2019இல் வெளியானது.

நியூசிலாந்தின் கேன்டர்பரி வட்டாரம் ஒரு முழுப் பகுதிக்கே இதைச் செய்துகாட்டியது. அங்கே 2015இல் பிறந்த குழந்தைகளில் 11.3 விழுக்காட்டினருக்கு நாக்குக் கட்டு வெட்டப்பட்டது. மதிப்பிடும் முறையை ஒன்றாக்கி, பாலூட்டல் உதவியை முதற்படியாக வைத்த பின் 2017 நடுவில் அது 3.5 விழுக்காட்டுக்கு இறங்கியது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் விகிதம் அதனால் குறையவில்லை. மூன்றில் இரண்டு வெட்டுகள் இல்லாமலே காரியம் நடந்தது. மீதி ஒரு பங்குக்கு வெட்டு தேவைப்பட்டது. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி 2024இல் வெளியிட்ட அறிக்கையும் இதே வரிசையைத்தான் வலியுறுத்துகிறது: முதலில் பாலூட்டல் உதவி, அதிலும் தீராவிட்டால் குடும்பத்தோடு பேசி முடிவெடுத்து வெட்டு, பிறகும் தொடர்ந்து கவனிப்பு.

உதவி என்பது என்ன? குழந்தையின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்குமாறு தாயின் உடலோடு ஒட்டிப் பிடிப்பது. மூக்கு காம்புக்கு நேராக இருக்க, வாயை அகலத் திறக்கும்வரை காத்திருப்பது. முகவாய் முதலில் மார்பில் பதிய, கருவட்டத்தின் கீழ்ப்பகுதி கூடுதலாக வாய்க்குள் போகும்படி அணைப்பது. நாக்குக் கட்டுள்ள குழந்தைக்கு, தாய் பின்னால் நன்றாகச் சாய்ந்து குழந்தையைத் தன் மார்பின் மேல் குப்புறக் கிடத்துவது பலமுறை உதவும். புவியீர்ப்பில் நாக்கும் தாடையும் முன்னே வரும். கக்கத்தில் இடுக்கிப் பிடிப்பதும், மார்பை விரல்களால் லேசாக அமுக்கித் தட்டையாக்கித் தருவதும் பிடியை ஆழமாக்கும். குடிக்கும் வேகம் குறையும்போது மார்பை மெல்ல அழுத்திவிட்டால் பால் வரத்து கூடும். வலி தாங்க முடியாத வேளைகளில் பாலைக் கையால் பீய்ச்சி, சுத்தமான பாலாடையிலோ சங்கிலோ புகட்டலாம். இதனால் சுரப்பும் குறையாது, குழந்தையும் பட்டினி கிடக்காது.

பால் குடிப்பதில் சிரமம் என்றாலே நாக்குதான் காரணம் என்று நினைப்பது வேறொரு ஆபத்துக்கு வழிவிடுகிறது. குறைமாதப் பிறப்பு, மஞ்சள் காமாலையால் வரும் சோர்வு, அண்ணத்தில் மறைந்திருக்கும் பிளவு, தசைத் தளர்ச்சி, இதயக் கோளாறு, தாயின் தைராய்டுக் குறைபாடு, பிரசவத்தில் நேர்ந்த மிகுந்த ரத்தப்போக்கு ஆகிய ஒவ்வொன்றும் பாலூட்டலைக் குலைக்கும். நாக்கை வெட்டிவிட்டு இவற்றைத் தவறவிட்டால் பொன்னான நாட்கள் வீணாகும்.

வெட்டுவதென்றால்

உதவி தந்தும் வலியும் எடைக்குறைவும் தீரவில்லை, நாக்கின் அசைவும் தெளிவாகக் கட்டுண்டிருக்கிறது என்றால் வெட்டத் தயங்க வேண்டியதில்லை. பச்சிளம் குழந்தைக்கு இது எளிய செயல். குழந்தையைத் துணியில் சுற்றி, தலையை ஒருவர் அசையாமல் பிடிக்க, மருத்துவர் நாக்கைத் தூக்கி, மெல்லிய சவ்வை முனை மழுங்கிய கத்தரியால் ஒருமுறை வெட்டுகிறார். மயக்க மருந்து தேவையில்லை. முன்கூட்டிச் சில துளி சர்க்கரைக் கரைசல் தருவது வலியைக் குறைக்கும். ஓரிரு துளி ரத்தம் வரும். உடனே மார்பில் போட்டால் அழுகையும் நிற்கும், ரத்தமும் நிற்கும். நாக்கடியில் சில நாட்கள் வெண்மையாகத் தெரியும் திட்டு சீழ் அல்ல. ஆறும் புண்ணின் மேல் படலம் அது. ஓரிரு வாரத்தில் மறைந்துவிடும்.

வெட்டுவதற்கு முன் கட்டாயம் கேட்க வேண்டியவை உண்டு. பிறந்தவுடன் போட வேண்டிய வைட்டமின் கே ஊசி போடப்பட்டதா? குடும்பத்தில் ரத்தம் உறையாத நோய் யாருக்காவது உண்டா? குழந்தையின் கீழ்த்தாடை மிகச் சிறியதாக உள்ளதா? தாடை சிறுத்த குழந்தைக்கு நாக்கை விடுவித்தால் அது பின்னே சரிந்து மூச்சை அடைக்கக்கூடும். ரத்தப்போக்கு, நோய்த்தொற்று, உமிழ்நீர்க் குழாய்க்குக் காயம், தழும்பாகி மீண்டும் ஒட்டிக்கொள்வது, வாயில் வலித்த நினைவால் பால் குடிக்க மறுப்பது ஆகியவை அரிதாகவே நேர்ந்தாலும் நேராதவை அல்ல.

இன்று விற்கப்படும் சில கூடுதல் சேவைகளுக்கு ஆதாரம் இல்லை. கத்தரியைவிட லேசர் மேலானது என்று எந்தச் சோதனையும் நிறுவவில்லை. மேலுதட்டின் உட்புறத்து மடிப்பு ஏறத்தாழ எல்லாப் பச்சிளம் குழந்தைகளுக்கும் இருப்பது. அதையும் கன்னத்து மடிப்பையும் பாலூட்டலுக்காக வெட்டச் சொல்வதை அமெரிக்க அகாதெமி ஆதரிக்கவில்லை. வெட்டிய புண்ணை நாள்தோறும் பலமுறை விரலால் இழுத்துத் தேய்க்கச் சொல்லும் பயிற்சிக்கும் அப்படியே. அதனால் குழந்தை வாயருகே விரல் வந்தாலே மிரளும், பெற்றோரும் நொந்துபோவார்கள்.

நம் வீடுகளில்

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வேறு கவலைகளோடு பின்னிக்கிடக்கிறது. நாக்கு ஒட்டியிருந்தால் பேச்சு வராது என்ற அச்சம் முதலாவது. நாக்குக் கட்டு பொதுவாகப் பேச்சைப் பாதிப்பதில்லை என்பது அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2020 ஒருமித்த அறிக்கையின் முடிவு. பின்னாளில் சில ஒலிகளில் சிரமம் தெரிந்தால் அப்போது பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டலாம். வருங்காலப் பேச்சுக்காக, நன்றாகப் பால் குடிக்கும் பச்சிளம் குழந்தையின் நாக்கை வெட்ட வேண்டியதில்லை. வசம்பை உரைத்து நாக்கில் தடவினால் கட்டு தளரும் என்பதும் நம்பிக்கை மட்டுமே. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர, மருத்துவர் தரும் மருந்து நீங்கலாக, சர்க்கரைத் தண்ணீரும் தேனும் உரைமருந்தும் எதுவும் வேண்டாம்.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பாலை மட்டுமே குடிப்பவர்கள் ஏறத்தாழ 55 விழுக்காடு. இந்தியச் சராசரி 64. கிட்டத்தட்ட எல்லாப் பெண்களும் மருத்துவமனைக்கு வரும் மாநிலம், நாட்டின் சராசரியைவிடப் பின்தங்கியிருக்கிறது. பிரசவங்களில் ஏறத்தாழ 45 விழுக்காடு சிசேரியன். வயிற்றுத் தையலோடு நிமிர்ந்து உட்காரவே முடியாத பெண்ணுக்கு நல்ல பிடி கற்றுத்தர ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். பிள்ளை பெற்ற மருத்துவமனையில் அந்த ஒருவர் இல்லையென்றால், நாக்குக் கட்டு இருப்பது தெரியாமலே போகலாம். இல்லாத கட்டு வெட்டப்படவும் செய்யலாம். இரண்டும் ஒரே குறையின் விளைவுகள்.

அதைவிடப் பழகிப்போன குறை, தாயின் வலியைப் பொருட்டாக எடுத்துக்கொள்ளாதது. ‘பிள்ளை பெற்றவளுக்கு வலிக்காதா’, ‘நாங்களெல்லாம் கொடுக்கலையா’ என்ற சொற்களில் அவள் வாய் அடைக்கப்படுகிறது. முதல் சில நாட்களில் குழந்தை பற்றும் கணத்தில் சுரீரென்று வந்து அடங்கும் வலி இயல்பு. பால் குடிக்கும் நேரம் முழுவதும் நீடிக்கும் வலியும், வெடிப்பும், ரத்தமும் இயல்பல்ல. அவை உதவிக்கான அழைப்பு. அதை முதலில் கேட்க வேண்டியவர்கள் கணவரும் மாமியாரும் அம்மாவும்தான், பிறகுதான் மருத்துவர்.

வீட்டிலேயே கவனிக்கக்கூடிய அளவுகோல்கள் எளியவை. குழந்தை நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை குடிக்க வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்க வேண்டும். விழுங்கும் ஒலி காதில் பட வேண்டும். பிறந்த எடையில் முதல் சில நாட்களில் கொஞ்சம் குறைவது வழக்கம். பத்து விழுக்காடு குறைந்தாலோ, இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பாவிட்டாலோ அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்து, தாய்க்கும் வலி இல்லையென்றால், நாக்கின் அடியில் எவ்வளவு பெரிய மடிப்பு தெரிந்தாலும் விட்டுவிடலாம்.

முடிவாக

ஆய்வுகள் இரண்டு தரப்பையும் திருத்துகின்றன. எல்லாம் தானாகச் சரியாகும் என்பவர்களுக்கு, நாக்குக் கட்டு உண்மையான தடை என்றும் விடுவித்தால் தாயின் வலி தணிகிறது என்றும் அவை சொல்கின்றன. பார்த்தவுடன் வெட்டுபவர்களுக்கு, அப்படி அனுப்பப்படும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தேவைப்பட்டது உடனிருந்து உதவும் கைகள்தான் என்று சொல்கின்றன.

ஆகவே ஒரு வேண்டுகோள். குழந்தையின் வாயைத் திறந்து பார்த்த அரை நிமிடத்தில் வெட்ட வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லும் எவரிடமும், ‘நான் பால் கொடுப்பதை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். அது தாயின் உரிமை. பிரசவம் பார்க்கும் ஒவ்வொரு மருத்துவமனையும், அரசுடையதானாலும் தனியாருடையதானாலும், பாலூட்டல் பயிற்சி பெற்ற ஒரு செவிலியரையாவது பிரசவ வார்டில் அமர்த்த வேண்டும். தாயும் சேயும் வீடு திரும்பும் முன் அவர் ஒரு வேளைப் பாலூட்டலை முழுமையாகக் கண்டிருக்க வேண்டும். 2016இல் மத்திய அரசு தொடங்கிய ‘மா’ திட்டம் தாய்ப்பாலுக்கான ஆலோசனையை ஊரக அளவுக்குக் கொண்டுசெல்ல வந்தது. நாக்குக் கட்டைக் கண்டறியும் பயிற்சியையும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கு அதன் வழியே தரலாம். இதற்குப் புதுக் கருவிகள் தேவையில்லை. தாயின் பக்கத்தில் உட்கார அரை மணி நேரமும், அவள் வலிக்கிறது என்றால் நம்புகிற மனமும் போதும்.